எங்கள் வீட்டின் ஒரே நம்பர்

கோவில்பட்டி பைபாஸில் பாரம் ஏற்றிப் போகிற லாரி ஒன்றை நிறுத்தி, அதன் தார்ப்பாயின் பின்மூலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பெயின்டில் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தால் அது என் கடை நம்பர். இல்லாவிட்டால் அந்த லாரிக்காரருக்கு விவரம் போதவில்லை என்று அர்த்தம்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கயத்தாற்றில் லாரிகள் சாப்பாட்டுக்கு நிற்கிற இடத்தில், கிழிந்த தார்ப்பாய்க்கு ஒட்டுப் போடுகிறவனாகத் தொழிலைத் தொடங்கினேன். ஒரு கோணி ஊசி, மெழுகு தேய்த்த நூல், இரண்டு கை, அவ்வளவுதான் என் முதல். இன்று எனக்கு மூன்று ஷட்டர் வைத்த கடை இருக்கிறது. பின்னால் தையல் கொட்டகை இருக்கிறது. காலேஜ் படித்த பையன் என்னிடம் கம்ப்யூட்டரில் பில் போடுகிறான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கட்டியவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பெருமை என்றால் இன்னொன்றும் உண்டு. என் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். தார்ப்பாய் மூலையில் இருக்கிற அதே நம்பர்தான் கேஸ் சிலிண்டருக்கும், கரண்ட் பில்லுக்கும், பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கும். இரண்டு மகன்களும் கல்யாணமாகி ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் இதை எத்தனை பேரால் சொல்ல முடியும்? அந்த நம்பருக்குரிய போன் எப்போதும் கடை மேசைமேல் கிடக்கும். அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் எடுப்பார். டிரைவர் எடுப்பார், தையல்காரர் எடுப்பார், டீ கொண்டுவருகிறவர்கூட எடுத்து, “அண்ணாச்சி அளவெடுக்காவ, கொஞ்சம் பொறுங்க” என்பார். அதற்குப் பூட்டு கிடையாது. மறைக்க நம்ம வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தவள். அவள் அப்பா பருத்தி வியாபாரி. அவருடைய களத்துத் தார்ப்பாயைத் தைக்கப் போனவன் நான். தைக்க இரண்டு நாள் போதும், நான் ஒரு வாரம் தைத்தேன். மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அந்த வீட்டுக் கதவு அதோடு சாத்தியதுதான். பல வருஷம் கழித்து அவள் அம்மா இறந்தபோது போனோம். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. தெருமுக்கில் ஒரு வேலிக்கருவை நிழலில் நின்றோம். சவப்பெட்டி மாதா கோயிலுக்குப் போனதை அங்கிருந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறினோம். அவள் அழவில்லை. அவ்வளவு தைரியக்காரி என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

அதைவிட அதிகமாகச் சொன்னது வேறொன்று. “எம் பொண்டாட்டி எனக்காகச் சாமியையே விட்டுட்டு வந்தவ.” கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்காரும்போது இதைச் சொல்வேன். கேட்டவர்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பாள். எப்போதும்வென்றான் ஊருக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் குடும்பத்து அம்மன் கோயில். வருஷா வருஷம் பங்குனியில் கொடைத் திருவிழா. மூத்த வீட்டு மருமகள்தான் முதல் பொங்கல் பானையை ஏற்ற வேண்டும். எங்கள் வீடு மூத்த வீடு. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான் ஏற்றினாள். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களும் பிறகு அவள் பானை பொங்கினால்தான் மழை என்று பேச ஆரம்பித்தார்கள்.

சர்க்கரையில் அவள் கண் மங்கியது. வாரப் பத்திரிகை எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது என்றாள். மகன்களில் பெரியவன் ஒரு கருவி வாங்கிவந்தான். பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் இருக்கும். அதில் புத்தகத்தை இறக்கிப் படிக்கலாம், எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். நாங்கள் அதைச் சிலேட்டு என்றே சொன்னோம்.

பெட்டியைப் பிரித்த அன்று அவன் கேட்டான். “எப்பா, அம்மாவுக்குத் தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சிருவமா? தனி நம்பர் குடுத்தா நல்லது.”

“எதுக்குலே தனி? என் வீட்ல தனி அடுப்பும் கிடையாது, தனி நம்பரும் கிடையாது. நம்ம நம்பரையே போடு.”

“இல்லப்பா, இது அவிய என்ன படிக்காவ, எவ்வளவு நேரம் படிக்காவன்னு எல்லாம் குறிச்சு வைக்கும். நம்ம நம்பர்னா...”

“குறிக்கட்டும். உங்க அம்மை என்ன களவாண்டா படிக்கப் போறா?”

அவன் நம்ம நம்பரையே போட்டான். சம்மதம், சம்மதம் என்று அது கேட்ட இடத்திலெல்லாம் தொட்டுக்கொண்டே போனான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அது ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகு மத்தியானம் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு பின் அறை ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். நான் சாப்பிட வருகிறபோது பார்ப்பேன். முகம் அப்படி ஓர் அமைதியாக இருக்கும். கடைக்கு வந்து, “நம்ம வீட்ல அவ படிக்கிற படிப்புக்குக் காலேஜே கட்டலாம்” என்பேன். என்ன படிக்கிறாள் என்று கேட்டதில்லை. கதைதான் படிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதம். காலம் தப்பி ஒரு மழை வரும்போல வானம் மூடியிருந்தது. என் சம்பந்தி, பெரிய மருமகளின் அப்பா, கடைக்கு வந்தார். களத்தில் மக்காச்சோளம் காய்கிறது, உடனே ஒரு தார்ப்பாய் வேண்டும் என்றார். நான் உள்ளே உருளையிலிருந்து துணியை இழுத்து அளந்துகொண்டிருந்தேன். முன்னால் இரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். மேசைமேல் போன் கிணுங்கியது. எல்லாரும் எடுப்பதுபோல அவரும் எடுத்தார்.

“என்ன சம்பந்தி, உங்க வீட்ல யாரோ ஜெபம் படிக்காவ போலுக்கே?”

“கம்பெனிக்காரன் ஆயிரம் அனுப்புவான். தள்ளி விடுங்க.”

“இல்லவே, விவரமால்லா போட்டிருக்கான்.” கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, டீக்கடையில் பேப்பர் வாசிக்கிற குரலில் சத்தமாக வாசித்தார். “இந்த வாரம் உங்கள் வீட்டு வாசிப்பு. ஜெபமாலை ஜெபங்கள். அதிக நேரம் தங்கிய பக்கம், மரித்த பெற்றோருக்கான மன்றாட்டு. நாற்பது நிமிடம். கோடிட்ட வரிகளைக் காண இங்கே தொடவும்.” தலையைத் தூக்கினார். “தொட்டுப் பாத்துருவமா?”

டிரைவர்களில் ஒருவன் என்னைப் பார்த்தான். “அண்ணாச்சி, மதினி மாறிட்டாவளா?”

“மாறலலே, திரும்பிட்டாவ” என்றான் மற்றவன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? போனை அவர் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது என் பைக்குள் போனது அன்றுதான் முதல் தடவை.

அவர் போன பிறகு பில் போடுகிற பையனைக் கூப்பிடவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். புரட்டாசியிலிருந்து வாரம் தவறாமல் செய்தி வந்திருந்தது. தார்ப்பாய் விலை கேட்டவர்களுக்கும் சிலிண்டர் வந்த செய்திக்கும் நடுவில் அது பாட்டுக்குக் கிடந்திருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தாள், எந்தப் பக்கத்தில் நின்றாள் எல்லாம் இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் மட்டும் மத்தியானம் முழுக்கப் படித்ததாகக் காட்டியது. தேதியைப் பார்த்தேன். நாங்கள் வேலிக்கருவை நிழலில் நின்ற தேதி. அவள் அம்மா செத்த நாள் எனக்கு மறந்துபோயிருந்தது. சிலேட்டுக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. சம்பந்தி மகளுக்குப் போன் போட்டிருக்கிறார். மருமகள் கெட்டவள் அல்ல. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். “அத்தை, நீங்க ஜெபம் படிக்கீங்களாமே, எங்கப்பா சொல்லுதாவ” என்று கேட்டுவிட்டாள்.

நான் போகும்போது சிலேட்டு ஃபிரிட்ஜ்மேல் இருந்தது. சார்ஜ் வயரை அதைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் அடுக்களையில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி” என்றேன்.

“இப்பமே வந்துட்டீய? குழம்பு சூடு பண்ணவா?”

“அந்த மெசேஜு...”

“மருமவ சொல்லிச்சு.”

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

“எத்தனை வருசமா?”

“எது?”

“இந்த ஜெபம்.”

“நிறுத்தியிருந்தாத்தான எத்தனை வருசம்னு கணக்குச் சொல்ல.”

“மனப்பாடமாவா?”

“மனப்பாடமாத்தான். வயசாவுதுல்லா, நடுவுல நடுவுல வரி விட்டுப்போச்சு. இதுல சும்மா கிடைக்கின்னு பேத்திதான் எடுக்கச் சொல்லிக் குடுத்தா. அவளுக்கு அது என்ன புக்குன்னு தெரியாது.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்?”

அவள் சுளகைக் கீழே வைத்தாள். “நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீய. அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு கல்யாண வீடு, ஒரு காதுகுத்து விடாம, எனக்காகச் சாமியையே விட்டுட்டு வந்தவன்னு சொல்லுவீயளே. அதைச் சொல்லும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நான் பாத்திருக்கேன். அதை எதுக்குக் கெடுக்கணும்?”

நான் விற்றதெல்லாம் மூடுகிற சாமான். நூற்பாலைப் பஞ்சோ தீப்பெட்டிப் பண்டலோ, ரோட்டில் போகிறவன் கண்ணில் படாமல், மழை படாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற சாமான். அவள் என் பேச்சுக்கு அப்படி ஒரு துணியை ஆயுசு முழுக்கப் போர்த்தி வைத்திருக்கிறாள். அவளுக்குப் போர்த்த நான் ஒரு முழம்கூடக் கிழிக்கவில்லை.

“இனிமேயும் நீ எடுத்துப் படி. எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“கண்ணு வலிக்கி” என்றாள். சுளகை எடுத்துக்கொண்டாள்.

கொடைக்கு முந்தின வாரம் பங்காளிகள் வந்தார்கள். நேரே சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மேளக்காரனைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒருவர், “மதினிக்கும் வயசாச்சு. இந்த வருசம் மொதப் பானையை வேற யாராவது ஏத்தட்டுமே” என்றார்.

அந்தக் கோயிலுக்கு இரும்புக் கேட்டு போட்டவன் நான். தகரக் கொட்டகை போட்டவன் நான். எழுந்து நின்றேன். நான் ஒரு சத்தம் போட்டால் தெரு திரும்பும். அவள் பின்னாலிருந்து வந்து என் முழங்கையைத் தொட்டாள்.

“எனக்கும் முட்டுவலி, குனிய முடியல. அவிய சொல்லுதது சரிதான்” என்று அவர்களிடம் சொன்னாள். என்னிடம் மெதுவாக, “சத்தம் போடாதீய. இன்னும் நாலு பேருக்குத் தெரியணுமா?” என்றாள்.

கொடை அன்று கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டு நிழலில்லாத களத்தில் வரிசையாக அடுப்பு. முதல் பானையை இரண்டாவது வீட்டு மருமகள் ஏற்றினாள். என் மனைவி தூரத்தில், கார் பக்கத்தில், பேத்தியின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருமுக்கில் நின்றாளே, அதே நிற்பு. அன்றைக்கு அந்தச் சாமி அவளை உள்ளே கூப்பிடவில்லை, இன்றைக்கு இந்தச் சாமி. சாமியின் மேல் தப்பு இல்லை. பானை பொங்கி வழிந்தபோது எல்லாரும் குலவை போட்டார்கள். அவளும் போட்டாள். அவள் குலவை எனக்குத் தனியாகத் தெரியும். அதை அன்று கேட்க முடியவில்லை, நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஊர் திரும்பியதும் பெரியவனைக் கூப்பிட்டேன். “அந்தக் கம்பெனிக்குப் போன் போடு. உங்க அம்மை படிச்சதையெல்லாம் அழிக்கச் சொல்லு. என்ன செலவானாலும் சரி.”

அவன் போட்டான். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பையன் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். பெரியவன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“நம்ம கண்ணுல படாம அழிச்சிரலாம்ப்பா. ஆனா அவிய எடுத்து வச்சிருக்கது எங்கெங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதை அவிய முழுசா அழிச்சாவளான்னு நாம போய்ப் பாக்க முடியாதுல்லா?”

“யாரைக் கேட்டு எடுத்தான்?”

“நம்மளைக் கேட்டுத்தாம்ப்பா. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே சம்மதம்னு தொட்டுட்டோம்.”

“நீதானலே தொட்ட?”

“உங்க நம்பர்லதானேப்பா தொட்டேன்.”

அவனைத் திட்ட என்ன இருக்கிறது? அவன் அன்றைக்கே சொன்னான். கேட்காதவன் யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவள் பெயரில் புது சிம் வாங்கினேன். புதுச் சிலேட்டு வாங்கினேன். என் வீட்டில் முதல் தனி நம்பர். மடியில் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுலயும் உள்ள யாராவது இருப்பாவல்லா?” என்றாள்.

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வியாபாரம் செய்திருக்கிறேன். அவளிடம் அன்று வரவில்லை.

பிறகு நானே தூத்துக்குடிக்குப் போனேன். என்னை யாருக்கும் தெரியாத ஒரு தெருவில், மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும் விற்கிற கடையில், பெரிய எழுத்தில் அச்சடித்த ஜெபப் புத்தகம் கேட்டேன். “யாருக்கு ஐயா?” என்றார் கடைக்காரர். என் வீட்டம்மாவுக்கு என்று சொல்ல வாய் வந்தது. என் கதையெல்லாம் சொல்லவும் வாய் வந்தது. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கடைக்கு வந்து ஒரு துண்டுத் தார்ப்பாயில் சுற்றி, மெழுகு நூலால் கட்டி, பாரத்துக்குப் போடுகிற என் முடிச்சைப் போட்டேன். அதை என்னைத் தவிர யாரும் அதே மாதிரி போட முடியாது. அவிழ்க்கலாம், திரும்பக் கட்ட முடியாது.

“இதுல எந்த நம்பரும் இல்ல. யாருக்கும் போய்ச் சொல்லாது” என்று கொடுத்தேன்.

“நீங்க சொல்லாம இருப்பீயளா?” என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். கேலியோடு நிற்கவில்லை. பீரோவுக்குள் சேலைக்கு அடியில் வைத்தாள்.

அதன் பின் மத்தியானங்களில் நான் வீட்டில் இருப்பதில்லை. ஒரு சாக்குச் சொல்லி மருமகள்களையும் மாடிக்கு அனுப்பிவிடுவேன். சாப்பிட்ட கையோடு வெயிலில் கடைக்குப் போய், தையல் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் சாயங்காலம் வந்து, வேட்டி எடுக்கிற மாதிரி பீரோவைத் திறந்து சேலையை விலக்கிப் பார்ப்பேன். முடிச்சு என் முடிச்சாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று.

ஒரு நாள் பின்னால் அவள் நின்றாள். “முடிச்சப் பாக்கத்தான வந்தீய?”

நான் ஒரு வேட்டியை உருவினேன்.

“அந்தச் சிலேட்டுக்காரன் வாரத்துக்கு ஒருக்கத்தான் பாத்தான். நீங்க தினமும் பாக்குதீய” என்றாள். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். “பேரு போடாம எழுதிக்கிடுங்க” என்றாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “இனிமே மறைக்க நம்ம வீட்ல என்ன இருக்கு?” என்றாள். நான் கடையில் எத்தனையோ முறை நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வார்த்தை. அவள் வாயில் கேட்டபோது பேனாவைத் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நேற்று பீரோவைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். என் முடிச்சை நானே அவிழ்த்தேன். நூலையும் தார்ப்பாய்த் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மட்டும் சேலைக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இனி அவள் அதைத் திறந்தாளா இல்லையா என்பது எனக்குத் தெரியவராது.

தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. இன்று மத்தியானமும் இங்கே கொட்டகையில் உட்கார்ந்து, வீட்டுப் பக்கம் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறேன். நூல் நுழைய மாட்டேன் என்கிறது.